வாடகையைத் தனியாக எழுதுங்கள்

(பாளையங்கோட்டையில் ஆய்வக நுட்புநர்களும் ஆய்வக உரிமையாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வரையில், சென்னையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் லேப் டெக்னீஷியனுக்கு இன்றைக்கு 16,000, 17,000 என்று கொடுக்கிறார்கள். அதே படிப்பு, அதே வேலை, நம் திருநெல்வேலியில் 9,000, 10,000. அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் பக்கம் போனால் இன்னும் குறைகிறது. ஏன் என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "ஊருல என்னம்மா செலவு? மெட்ராஸ் மாதிரியா?"

இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருப்பதால்தான் இத்தனை வருஷமாக யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கேட்கிற பிள்ளைக்கும் அது சரிபோலத் தோன்றுகிறது; தலையாட்டிவிட்டு வேலையில் சேர்ந்துவிடுகிறாள். அந்த உண்மை எத்தனை ரூபாய் பெறும் என்று கணக்குப் பார்க்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஊருக்கு ஊர் விலை மாறுகிறதா? ஒரு குடும்பத்தின் மாதச் செலவை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். மின் கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்றே. முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் சென்னைக்கும் நெல்லைக்கும் பொது. ஆவின் பாக்கெட்டில் விலை அச்சடித்தே வருகிறது. மாத்திரை அட்டையில், சோப்பில், பற்பசையில், குழந்தைக்கு வாங்கும் பால் பவுடரில் எல்லாம் அதிகபட்ச விலை இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். செல்போன் ரீசார்ஜுக்குத் திருநெல்வேலிக் கட்டணம் என்று தனியாக எதுவும் இல்லை. ரேஷன் அரிசி அங்கும் இலவசம், இங்கும் இலவசம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு, லாரி வாடகையும் சேர்ந்து, தென்மாவட்டங்களில் சென்னையைவிடச் சற்றே கூடுதலாகத்தான் இருந்து வருகிறது. சமையல் எரிவாயு விலையும் தெற்கே வரவரக் குறைவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரத்தில் எந்த ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காய்கறி சில மாதங்களில் இங்கே மலிவு. சில மாதங்களில் நம் சந்தைக் காய் லாரியேறிக் கேரளத்துக்குப் போய்விடுவதால் இங்கேயும் விலை ஏறிவிடுகிறது.

மிச்சமிருப்பது வாடகை. அது மட்டும்தான் உண்மையிலேயே பெரிதாக மாறுகிறது. சென்னையில் வேளச்சேரியிலோ அம்பத்தூரிலோ ஒரு படுக்கையறை வீட்டுக்கு 10,000, 12,000 கேட்கிறார்கள். இங்கே பேட்டையிலோ தச்சநல்லூரிலோ அதே அளவு வீடு 5,000, 6,000க்குக் கிடைக்கும். முன்பணமும் அப்படித்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வேண்டாம் என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதிலேயே வழியும் இருக்கிறது. அதனால் சென்னைக்குப் போகிற பிள்ளைகள் இன்னமும் பெரிய தொகையைப் புரட்டிக்கொண்டுதான் வீடு பிடிக்கிறார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் வாடகை மொத்தச் செலவில் எத்தனை பங்கு? தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இப்போதைய வரிசையில், தொழிலாளர் குடும்பங்களின் செலவைக் கணக்கெடுத்து ஒவ்வொரு வகைக்கும் ஓர் எடை கொடுத்திருக்கிறார்கள். உணவுக்கு 39.17. துணிமணிக்கு 6.08. எரிபொருள், வெளிச்சத்துக்கு 5.50. வீட்டுக்கு 16.87. கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலான மற்றவற்றுக்கு 30க்குச் சற்று மேல்.

வீட்டுக்கு நூற்றில் 17கூட இல்லை. திருநெல்வேலி வாடகை சென்னை வாடகையில் சரிபாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மொத்தச் செலவில் குறைவது நூற்றுக்கு எட்டரை ரூபாய்க்கும் கீழே. சென்னையில் 17,000 சரியான சம்பளம் என்று ஒரு நிறுவனம் சொல்லுமானால், அதே கணக்குப்படி நெல்லையில் 15,500க்கு மேல் கொடுத்தாக வேண்டும். நாம் வாங்குவதோ 10,000. இடையிலுள்ள 5,500 ரூபாயை 'ஊர்ச் செலவு' என்ற பேரைச் சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த எடைகள் அகில இந்திய சராசரி. சென்னையில் குறைந்த சம்பளக்காரருக்கு வாடகையின் பங்கு இதைவிடக் கூடுதல்தான் என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். நியாயமான கேள்வி. அதனால் வேறு வழியிலும் கணக்குப் பார்த்துவிடுவோம். அந்த வழி ஓர் ஆய்வகத்திலிருந்து கிளம்பியது என்பது நம் தொழிலுக்குப் பெருமை.

நீலகிரியில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு அறை அதன் விதை. 1930களின் நடுவில் அதன் இயக்குநராக வந்தவர் வாலஸ் அய்க்ராய்டு. நம் அரிசி, கம்பு, கேழ்வரகு, பருப்பு, கீரை ஒவ்வொன்றையும் பகுத்தாய்ந்து, எதில் எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, எத்தனை கலோரி என்று அட்டவணை போட்டது அந்தக் கூடம். பிற்பாடு ஐதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் இயங்குகிறது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படி நிர்ணயிப்பது என்று முடிவு செய்தபோது அய்க்ராய்டின் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பம் என்றால் மூன்று நுகர்வு அலகு. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. வாடகை தனி. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம்.

1991இல் உச்ச நீதிமன்றம் இதோடு இன்னொன்றைச் சேர்த்தது. ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கு அது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், முதுமை இவற்றுக்கென 25 சதவீதம் சேர்த்தால்தான் அது குறைந்தபட்சக் கூலி என்று நீதிமன்றம் சொன்னது.

ஏழாவது ஊதியக் குழு இந்த வழியைப் பின்பற்றித்தான் மத்திய அரசின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமான 18,000 ரூபாய்க்கு 2015இல் வந்து சேர்ந்தது. அந்தக் குழு போட்ட மளிகைப் பட்டியலை எடுத்து, இன்றைக்கு நம் டவுன் மார்க்கெட்டில் விற்கும் விலையை நான் போட்டுப் பார்த்தேன். மூன்று அலகுக் குடும்பத்துக்கு மாதம் 42.75 கிலோ அரிசி, கோதுமை. 7.2 கிலோ பருப்பு. கீரையும் காயும் சேர்த்து 27 கிலோ. பழம் 10.8 கிலோ. பால் 18 லிட்டர். எண்ணெய் 3.6 கிலோ. சர்க்கரை 5 கிலோ. மீன் 2.5 கிலோ, கறி 5 கிலோ, முட்டை 90. கறிக்கு ஆட்டுக்கறி விலை போட்டால் தலை சுற்றும். கோழி விலைதான் போட்டேன். அரிசி கிலோ 55, பருப்பு 130 என்று நடுத்தர விலை. எல்லாம் கூட்டினால் 9,600க்குப் பக்கத்தில் வருகிறது. துணிக்கும் சோப்புக்கும் 1,400. மொத்தம் 11,000. உங்கள் தெருக் கடையில் ஐம்பது, நூறு கூடலாம், குறையலாம்.

இந்த 11,000 என்பது நூற்றில் 55 பங்கு. 20 பங்கு எரிபொருளுக்கும் சில்லறைக்கும், 25 பங்கு நீதிமன்றம் சொன்ன படிப்புக்கும் வைத்தியத்துக்கும். அப்படியானால் முழுத் தொகை 20,000 ரூபாய். இதில் வாடகை சேரவில்லை. இந்த 20,000 சென்னைக்கும் நெல்லைக்கும் ஏறத்தாழப் பொது. இதன்மேல் நெல்லையில் வாடகை 5,500, சென்னையில் 11,000 என்று போடுங்கள். இங்கே 25,500, அங்கே 31,000. சென்னையில் 100 கொடுத்தால் இங்கே 82 கொடுக்க வேண்டும். நடப்பில் 100க்கு 60தான் கிடைக்கிறது.

இது எந்தப் படிப்பும் கேட்காத, எந்தத் தனித்திறமையும் கேட்காத வேலையைச் செய்பவருக்கான கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷம் டிப்ளமோவோ, அதற்கு மேல் பி.எஸ்சி.யோ முடித்து வருகிற நுட்புநருக்கு இதற்கு மேலேதான் தொடங்க வேண்டும். சென்னைச் சம்பளமே இந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. நம்முடையது அதற்கும் கீழே.

குறியீட்டெண் பற்றி ஒரு வார்த்தை. சில உரிமையாளர்கள் படித்தவர்கள். அரசு இணையதளத்தைத் திறந்து, "பாருங்கள், சென்னைக் குறியீட்டெண் இது, திருநெல்வேலிக் குறியீட்டெண் இது" என்று காட்டுவார்கள். ஆம், நம் ஊருக்கும் தனிக் குறியீட்டெண் உண்டு. ஆனால் அது நம் ஊரில் 2016இல் 100 ரூபாயாக இருந்த செலவு இப்போது எவ்வளவு ஆயிற்று என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு ஊர் எண்களைப் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று சொல்ல அது பயன்படாது. அப்படிப் படிப்பது கிரியாட்டினின் அளவையும் யூரியா அளவையும் ஒப்பிட்டு எது பெரியது என்று கேட்பது போன்ற தவறு.

இன்னொரு செய்தி இன்னும் முக்கியமானது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கு ஏப்ரல் 1ஆம் தேதிதோறும் கூடும் அகவிலைப்படியை எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள் தெரியுமா? சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து. கன்னியாகுமரித் தொழிலாளிக்கும் அதே, கிருஷ்ணகிரித் தொழிலாளிக்கும் அதே. மருத்துவமனை, நர்சிங் ஹோம் வேலையும் அந்தக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் இருக்கிறது. விலையேற்றம் எல்லா ஊருக்கும் பொது என்று அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, "எங்க ஊர்ல விலை ஏறல" என்று ஒரு தனியார் சொல்ல முடியாது.

அரசு ஊர் வித்தியாசத்தை வேறு எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை முதல் வகை. மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாம் வகை. திருநெல்வேலி மூன்றாம் வகை. 2024 ஜனவரியிலிருந்து வீட்டு வாடகைப்படி முதல் வகைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20, மூன்றாம் வகைக்கு 10. அடிப்படைச் சம்பளம் 29,200 உள்ள ஒருவருக்குச் சென்னையில் வாடகைப்படி 8,760, நெல்லையில் 2,920. வித்தியாசம் 5,840. அந்த 29,200 இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அகவிலைப்படியும் ஒன்றுதான்.

நான் கேட்பது இது மட்டும்தான். ஊருக்கு ஊர் வாடகை மாறுகிறது என்றால், மாறுகிற வாடகையைத் தனியாக எழுதுங்கள். அடிப்படைச் சம்பளத்தைத் தொடாதீர்கள். சம்பளச் சீட்டில் அடிப்படை ஒரு வரியாகவும் வாடகைப்படி ஒரு வரியாகவும் இருந்தால், ஊரைச் சொல்லி எவ்வளவு குறைத்தீர்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இப்போது எல்லாவற்றையும் ஒரே தொகையில் மொத்தமாகக் கட்டிவிடுவதால் கைக்கு வருகிற பத்தாயிரத்தில் எது திறமைக்கு, எது சோற்றுக்கு, எது வாடகைக்கு என்று யாருக்கும் தெரிவதில்லை.

2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும்போது திறனையும் இருக்கும் இடத்தையும் கருத வேண்டும் என்கிறது. நம் சம்பளத்தை முடிவு செய்கிறவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், திறனை விட்டுவிட்டார்கள். அந்தத் திறன் எப்படிப்பட்டது என்பதை இந்த அவையில் இருக்கும் வெளியாட்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

காலை ஐந்தேமுக்கால். மேலப்பாளையத்தில் ஒரு வீடு. எழுபது தாண்டிய பெரியவர். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. வெறும் வயிற்று ரத்தம் எடுக்க நம் பிள்ளை ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். "மெதுவாக் குத்து தாயி" என்கிறார். கையில் நரம்பு தெரிகிறது, தொட்டால் நழுவுகிறது. ரப்பர் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. வைத்தால் ரத்தம் செறிந்துபோய்ச் சில அளவுகள் மாறிவிடும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லக் கூடாது, பொட்டாசியம் ஏறும். சின்ன ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். உள்ளேயிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். முதலில் மஞ்சள் மூடிக் குழாய், அப்புறம் ஊதா, அப்புறம் சாம்பல் என்ற வரிசை மாறக் கூடாது. ஊதா மூடிக் குழாயில் இருக்கிற இ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. மஞ்சள் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால் போதும். பொட்டாசியம் மேலே போகும், கால்சியம் கீழே போகும். மருத்துவர் அதைப் பார்த்துப் பதறுவார். பெரியவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போவார்கள். வீட்டில் நகை அடகுக்குப் போகும்.

அவள் ஆய்வகத்துக்கு வருகிறாள். குழாயில் பெயரும் நேரமும் எழுதியிருக்கிறது. அரை மணி உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்க வேண்டும். இன்றைக்கு இளஞ்சிவப்பாக இருக்கிறது. இயந்திரம் பொட்டாசியம் 6.8 என்று காட்டுகிறது. 5க்குள் இருக்க வேண்டியது. அனுபவமில்லாதவர் அப்படியே அச்சடித்து அனுப்பிவிடுவார். நம் பிள்ளை குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஸ்கூட்டியை எடுக்கிறாள். "தாத்தா, இன்னொரு தடவை எடுக்கணும், கோவிச்சுக்காதீங்க" என்கிறாள். இரண்டாவது முறை 4.6. அவளைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. அவளுக்கு வீட்டுக்குப் போய் எடுத்ததற்கு ஒரு தடவைக்கு 20 ரூபாயோ 30 ரூபாயோ. இரண்டாம் முறைக்குக் கிடையாது. பெட்ரோல் அவளுடையது.

அந்தச் சிவப்பணு பாளையங்கோட்டையில் உடைந்தாலும் அடையாற்றில் உடைந்தாலும் பொட்டாசியம் ஒரே அளவுதான் கொட்டும். இயந்திரமும் ரியேஜென்ட்டும் கட்டுப்பாட்டு மாதிரியும் எல்லா ஊரிலும் ஒரே விலைக்குத்தான் வருகின்றன. கம்பெனிக்காரர் ஊர் சின்னது என்று ரியேஜென்ட் விலையைக் குறைப்பதில்லை. அதைக் குறைக்கும்படி எந்த உரிமையாளரும் கேட்டதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளின் சம்பளத்தை மட்டும் குறைத்துக்கொள்ள முடிகிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேச எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. "நீ வீட்டுல இருந்துதானம்மா வாரே, உனக்கு என்ன செலவு?" நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்காத இடம் குறைவு. நம் தொழிலில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். முக்கூடலிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றோடு வருகிறார்கள். அந்தச் சோறு யார் காசு? பீடி சுற்றுகிற அம்மாவின் காசு, வயலுக்குப் போகிற அப்பாவின் காசு, ஆச்சியின் முதியோர் உதவித்தொகை. ஓர் ஆய்வகம் தன் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் பாதியை முக்கூடலில் ஒரு பீடித் தொழிலாளி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வீடு இவளை டிப்ளமோ படிக்கவைக்க வாங்கிய கடனையும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்று 2021இல் அரசு கொண்டுவந்தது பெரிய உதவி. அதைச் சொல்லிப் பயணப்படியை நிறுத்திய இடங்களும் உண்டு. அந்தச் சலுகையை அரசு கொடுத்தது பெண்ணின் கையில் நாலு காசு மிஞ்சட்டும் என்று. அது முதலாளியின் கணக்கில் போய்ச் சேரலாமா?

கல்யாணமானதும் இந்தக் கணக்கு உடைகிறது. தனி வீடு, பால், பள்ளிக்கூடம் என்று வந்ததும் பத்தாயிரத்தில் ஓட்ட முடியாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள். நழுவுகிற நரம்பைப் பிடிக்கவும் சிவந்த சீரத்தை அடையாளம் காணவும் ஐந்தாறு வருஷம் பழகிய கை போய்விடுகிறது. அந்த இடத்துக்கு மறுபடி ஒரு புதுப் பிள்ளை வருகிறாள், அதே பத்தாயிரத்துக்கு.

அரசுப் பணி பற்றியும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குக் குறையில்லை. முறையான சம்பள விகிதம், வாடகைப்படி எல்லாம் உண்டு. ஆனால் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வக நுட்புநர்களை எடுக்கும் அறிவிப்புகளில் அண்மை ஆண்டுகளில் நாம் அடிக்கடி பார்த்த தொகை 13,000 ரூபாய். தொகுப்பூதியம் என்பதால் வாடகைப்படியும் அகவிலைப்படியும் கிடையாது. சற்று முன் போட்ட கணக்கில் வாடகைக்கு முந்திய தொகையே 20,000. கொரோனா காலத்தில் தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையை மட்டுமே நம்பி நின்றது. பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஊறி, இரவு பகலாக அந்தக் குழாய்களைக் கையாண்டவர்கள் நம் ஆட்கள். அவர்களை அரசே இப்படி வைத்திருக்கும்போது தனியாரிடம் நியாயம் பேச நமக்கு வாய் வருவதில்லை. அரசு தன் தொகுப்பூதியத்தை முதலில் திருத்த வேண்டும்.

இப்போது உரிமையாளர்கள் பக்கம் வருகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் நுட்புநராக இருந்து, கடன் வாங்கி, சொந்தமாக ஆய்வகம் வைத்தவர்கள். பெரிய நிறுவனங்கள் முழு உடல் பரிசோதனையை அடிமாட்டு விலைக்கு விளம்பரம் செய்யும்போது இவர்களால் விலையை ஏற்ற முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். கட்டட வாடகை, மின்சாரம், இயந்திரத் தவணை என்று எல்லாம் நெருக்குகின்றன. ஆனாலும் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும். பரிந்துரைத்து அனுப்புகிறவர்களுக்குப் போகும் பங்கு மாதாமாதம் தவறாமல் போகிறதே, அது எந்தக் கணக்கில் வருகிறது? மருத்துவர் அப்படிக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002இன் மருத்துவ நெறிமுறை விதிகள் தெளிவாகத் தடுத்திருக்கின்றன. வாங்காத மருத்துவர்கள் நிறையப் பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். கொடுப்பது தப்பு என்று தெரிந்த பணத்தை முதல் தேதியில் கொடுத்துவிட்டு, கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஊரைக் காரணம் காட்டுவதை என் மனம் ஏற்கவில்லை.

சம்பளத்தைக் கூட்டினால் ஆய்வகம் மூழ்கிவிடும் என்கிறார்கள். ஐந்து நுட்புநர்கள் வேலை செய்யும் ஒரு நடுத்தர ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 6,000 கூட்டினால் மாதம் 30,000. நாளொன்றுக்கு 60 பேர் வருகிறார்கள், மாதம் 26 நாள் என்றால் 1,560 பேர். ஒருவருக்கு 19 ரூபாய் சொச்சம். வெறும் வயிற்றில் வந்து காத்திருந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவர், எதிரே இருக்கும் கடையில் குடிக்கிற ஒரு காபியின் விலை. ஒரு நாளைக்கு இருபது பேர்தான் வருகிறார்கள் என்றால் உங்களுக்கு ஐந்து பேர் தேவையில்லை. இரண்டு பேரை நல்ல சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பத்துப் பேருக்குக் குறைந்த ஆய்வகத்துக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தாது, இருபதுக்குக் குறைந்தால் பி.எஃப். கட்டாயமில்லை. நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்ளேதான் இருக்கின்றன. ஆகவே ஹெபடைடிஸ் பி ரத்தம் பட்ட ஊசியைத் தவறிக் குத்திக்கொண்ட ஒரு பிள்ளைக்கு வைத்தியச் செலவு அவள் கையிலிருந்துதான் போகும். மூன்று தவணைத் தடுப்பூசியையாவது ஆய்வகம் தன் செலவில் போட்டுவிட வேண்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மாணவர்களுக்குக் கடைசியாக நடைமுறைச் செய்தி. வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் எழுத்தில் கேளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம், வாடகைப்படி, வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பதற்கான படியும் பெட்ரோலும், இந்த மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "ஊர்ல என்ன செலவு" என்று கேட்டால், சார், வாடகை குறைவுதான், அந்த வரியில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் மருத்துவ ஆய்வகப் பணியும் சேர்ந்திருக்கிறது. அதன்படி பதிவுமுறை வரும்போது தவறாமல் உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள். வேலையில் இருப்பவர்கள் இந்த வருஷச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். சீட்டே கொடுக்காத இடமாக இருந்தால், வங்கியில் பணம் வரவான நாளையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறைந்தபட்சக் கூலியைத் திருத்தும்போது அரசு மக்களிடம் கருத்துக் கேட்டு வரைவு அறிவிக்கை வெளியிடும். அப்போது தென்மாவட்டத்திலிருந்து போகிற மனுக்களில் வெறும் முறையீடு மட்டும் இல்லாமல், அரிசி, பருப்பு, வாடகை, பெட்ரோல் என்று நம் ஊர்க் கணக்கும் இருக்க வேண்டும். அந்த மளிகைப் பட்டியலின் படிகளை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துப்போய், உங்கள் தெருக் கடை விலையை எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.